உப்புக் குட்டையின் அடிச்சூடு

பெங்களூரு,
10 ஜூன் 2025

அன்புள்ள மலர்கொடிக்கு,

இருபது வருஷத்துக்கு முன்னால், திண்டிவனத்திலிருந்து மரக்காணம் வரும் பஸ்ஸில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். உன் மடியில் சுடச்சுடக் குழம்புத் தூக்கு இருந்தது. ஒரு கையால் தூக்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் முந்தானையை நாலாக மடித்து அதன் அடியில் செருகிக்கொண்டிருந்தாய். "அக்கா, சூடு கீழ எறங்குமா?" என்றாய். நான் என் நிறுத்தம் வருகிறதா என்று சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எறங்காது. சூடு எப்பவும் மேலதான் ஏறும்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

உன் மடி அப்போது சுட்டுக்கொண்டிருந்தது. முப்பத்து நான்கு வருஷம் இயற்பியல் நடத்தியவள் நான். கேட்டவளின் மடியிலேயே பதில் இருந்ததைப் பார்க்கவில்லை.

அந்தப் பதிலை நீ முந்தாநாள் உப்பள சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னாயாம். "சூடு மேலதான் ஏறும்னு சந்தனமேரி டீச்சரே சொல்லியிருக்காங்க. என் குட்டையில மேல சில்லுனு இருக்குது, அடி கொதிக்குது. யாரோ ஊத்தாம இது ஆகாது." யாரோ என்று சொல்லும்போது என் தம்பி அருள்பிரகாசத்தைப் பார்த்தாயாம். இதை என்னிடம் சொன்னது அவன்தான். அவன் சொன்னதில் எது நடந்தது, எது அவனுக்கு வசதி என்று இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் உன்னைக் கூப்பிட்டேன். ஏழு தடவை. நீ எடுக்கவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மழை வந்தால் வீணாகிவிடும் என்று, வெயிலில் வற்றி முற்றிய உப்புநீரைச் சேர்த்து வைக்க நீ இந்த வருஷம் ஒரு குட்டை வெட்டினாய். ஜூன் இரண்டாம் தேதி உன்னிடம் வேலை செய்யும் பாஞ்சாலை அதில் இறங்கினாள். இரண்டு காலும் வெந்துபோய் புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். என் தம்பி ஆசிட் ஊற்றினான் என்று நீ போலீசில் எழுதிக்கொடுக்கப் போகிறாய்.

மூட்டு ஆபரேஷன் ஆகி மகள் ஜெர்லின் வீட்டில் இருக்கிறேன். எழுந்து வர இன்னும் ஒரு மாதம் ஆகும். அதனால் கேட்கிறேன். எழுதிக்கொடுக்கும் முன் நடந்ததை நடந்தபடி எனக்கு ஒரு தடவை எழுது. தம்பிக்காகக் கேட்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள். அதுவும் உண்மைதான். என் அரைகுறைப் பதிலை நீ சாட்சிக்கு இழுத்திருக்கிறாய் என்பதும் உண்மை.

பாஞ்சாலைக்கு எப்படி இருக்கிறது?

அன்புடன்,
சந்தனமேரி


மரக்காணம்,
14 ஜூன் 2025

டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். போனை எடுக்காததற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். போனில் பேசினால் நாளைக்கு நான் அப்படிச் சொல்லவில்லை என்று ஆகிவிடும். கடிதம் என்றால் கையெழுத்து இருக்கிறது. உங்கள் கடிதத்தை எடுத்து வைத்திருக்கிறேன். இதை நகல் எடுத்துக்கொண்டுதான் அனுப்புகிறேன்.

நடந்தது இது. குட்டை நாலரை அடி ஆழம். அடியில் கறுப்பு ஷீட் விரித்திருக்கிறேன். மே நாலாம் தேதி ஞாயிறு மழை பெய்தது. பெரிய மழை இல்லை. வாசலில் கிடந்த பக்கெட்டில் மூன்று விரல் தண்ணீர்தான் நின்றது. மறுநாள் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வானூர் போனேன். திரும்பி வந்தது மே 19. அதுவரை குட்டையில் யாருக்கும் வேலை இல்லை. யாரும் தொடவும் இல்லை.

ஜூன் இரண்டாம் தேதி பம்பு இழுக்கவில்லை. அடிவால்வில் உப்பு அடைத்திருந்தது. நான் குனிந்து தண்ணீரில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. "எறங்குடி, சில்லுனுதான் இருக்குது" என்று நானே பாஞ்சாலையிடம் சொன்னேன். வரப்பில் உட்கார்ந்து சறுக்கி இறங்கினாள். அவள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. நானும் மேஸ்திரி ராஜாங்கமும் தூக்கிப்போட்டோம். தொடைக்குக் கீழே இரண்டு காலும் வெந்திருந்தது. இடுப்பில் ஒன்றும் இல்லை. "இடுப்புல சில்லுனு இருந்துச்சும்மா, கால மட்டும் யாரோ அடுப்புல வச்ச மாதிரி ஆச்சு" என்றாள்.

இப்போது உங்கள் தம்பி. எனக்கும் அவருக்கும் வாய்க்கால் தகராறு இருப்பது உங்களுக்குத் தெரியும். என் பக்கத்து மண் என்று நான் அடைத்தேன். அடைத்ததை மறைக்கவில்லை. மே எட்டாம் தேதி காலை பத்து மணிக்கு அவர் என் குட்டை வரப்பில் பச்சைக் கேனோடு நின்றதை ராஜாங்கம் பார்த்திருக்கிறார். கேட்டதற்கு, "சும்மா நின்னேன், நிக்கக்கூடாதா?" என்றாராம். அடுத்தவர் குட்டைக் கரையில் கேனோடு சும்மா நிற்கிற ஆள் யார்?

நேற்று ஒரு மூங்கிலில் இரும்புச் சங்கிலியைக் கட்டி அடிவரை விட்டு எடுத்தேன். சங்கிலியைப் பிடிக்க முடியவில்லை. இன்னும் அப்படிச் சுடுகிறது.

சூடு மேலேதான் ஏறும் என்று சொன்னது நீங்கள். இப்போது அரைகுறைப் பதில் என்கிறீர்கள். தம்பி மாட்டிக்கொண்ட பிறகு பாடம் மாறுமா?

29 ஞாயிறு சங்கம் மறுபடி கூடுகிறது. 30 திங்கள் போலீசில் கொடுப்பேன். ஆசிட் என்று நிரூபணம் ஆனால் அவர் குத்தகையை ரத்து செய்வதாகச் சங்கத்தில் பேச்சு.

பாஞ்சாலைக்கு தினமும் கட்டு மாற்றுகிறார்கள். அப்போது மட்டும் நான் வெளியே வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
மலர்கொடி


பெங்களூரு,
18 ஜூன் 2025

அன்புள்ள மலர்,

அக்கா என்று கூப்பிட்டவள் 'டீச்சர் அவர்களுக்கு' என்று எழுதியிருக்கிறாய். இருக்கட்டும்.

முதலில் தம்பியைக் கேட்டேன். குட்டைப் பக்கமே போகவில்லை என்றான். ராஜாங்கம் பார்த்ததைச் சொன்னதும், போனேன், கேன் எடுத்துப் போகவில்லை என்றான். பிறகு, கேனா, அது தண்ணீர்க் கேன் என்றான். ஒரே போனில் மூன்று பதில். அவன் பொய் சொல்கிறான் என்பது எனக்கு நிச்சயம். எதை மறைக்கப் பொய் சொல்கிறான் என்பதுதான் தெரியவில்லை.

ஆனால் உன் கடிதத்தில் ஒரு வரி ஆசிட்டுக்கு எதிராக நிற்கிறது. இன்னும் சுடுகிறது என்று எழுதியிருக்கிறாயே, அது. ஆசிட்டோ வேறு மருந்தோ தண்ணீரில் விழும்போது சுடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மே எட்டில் ஊற்றினது ஜூன் பதின்மூன்றில் சுடுமா? ரசத்தை இறக்கி வைத்தால் எத்தனை நாழிகை சூடாக இருக்கும்? ஐந்து வாரம் கழித்தும் சுடுகிறது என்றால் ரசம் இன்னும் அடுப்பில்தான் இருக்கிறது. யாரோ தினமும் தீ போடுகிறார்கள். உன் உப்பளத்தில் தினமும் தவறாமல் தீ போடுவது வெயில் ஒன்றுதான்.

வெயில் என்றால் மேலேதானே சுட வேண்டும், அடியில் எப்படி என்று கேட்பாய். அதற்கு ஜெர்லின் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் தெரிந்துகொண்ட ஒன்றைச் சொல்கிறேன். பொறுமையாகப் படி.

பலூனில் அடைக்கிற ஹீலியத்தில் அபூர்வமான ஒரு வகை உண்டு. அதை, இதற்கு மேல் குளிரே இல்லை என்கிற எல்லையின் வாசல்வரை குளிரவைத்து, அமுக்கிப் பிடித்தால் திரவமாக நிற்கும். அந்தத் திரவத்துக்குத் துளி சூடு கொடுத்தால் உறைந்து கட்டியாகிவிடும். சூடாக்கினால் உறைகிறது. நெய்யைப் பற்றி யாராவது இப்படிச் சொன்னால் கலப்படம் என்போம் இல்லையா? நானும் ஜெர்லினிடம், "உன் தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சா பாருடி" என்றுதான் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு விளக்கினாள். உனக்குப் புரியும்படி நான் மாற்றிச் சொல்கிறேன்.

உன் பெண்கள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒற்றை வரப்பில் வரிசையாகப் போகிறார்கள். நகர்கிறார்கள், ஆனால் ஒருத்தியால் திரும்பிப் பார்க்க முடியாது. அத்தனை கட்டுப்பாடு. அதே பெண்கள் வேலை முடிந்து ஆளுக்கொரு பாத்தி ஓரமாகக் குந்தியிருக்கிறார்கள். இடம் மாறவில்லை. ஆனால் ஒருத்தி கிழக்கே பார்க்கிறாள், ஒருத்தி மேற்கே, ஒருத்தி உன்னைத் திட்டிக்கொண்டு முதுகைக் காட்டுகிறாள். எது கலைந்து கிடக்கிறது? குந்தியிருப்பதுதான். அணுக்களுக்கென்று இருக்கும் குவாண்டம் விதி அந்தக் குளிரில் ஹீலியத் திரவத்தை ஒற்றை வரப்பில் நடத்துகிறது. கட்டியானால் ஒவ்வோர் அணுவும் தன் இடத்தில் குந்தி, இஷ்டப்பட்ட பக்கம் திரும்பிக்கொள்ளலாம். சூட்டை வாங்கும் பொருள் கலைந்த நிலைக்குத்தான் போகும் என்பது வெப்பத்தின் சட்டம். அதனால் அது உறைகிறது. சட்டம் உடையவில்லை. சூடு பட்டால் உருகும் என்கிற நம் பழக்கம்தான் உடைகிறது.

சூடு மேலே ஏறும் என்று நான் சொன்னதும் அப்படி ஒரு பழக்கம். சூடான இடத்திலிருந்து ஆறின இடத்துக்குச் சூடு போகும், தானாகத் திரும்பி வராது என்பதுதான் சட்டம். அதில் மேலே, கீழே என்ற பேச்சே இல்லை. மேலே ஏறுவது சூடு இல்லை, சூடாகி லேசான தண்ணீர். உப்பேறிக் கனத்த தண்ணீர் சூடானாலும் தன் மேல் நிற்கும் நல்ல தண்ணீரைவிடக் கனமாகவே இருந்தால் எழும்பாது. அடியிலேயே கிடந்து வெயிலை வாங்கி வாங்கிக் கொதிக்கும். மேல் தண்ணீர் அதற்குப் போர்வை.

இது என் ஊகம்தான். ஊகத்தை நம்பாதே. இத்தோடு ஒரு தெர்மாமீட்டர் அனுப்புகிறேன். அதை நூலில் கட்டி அடிக்கு அடி விட்டுப் பார். அந்தந்த ஆழத்துத் தண்ணீரையும் எடுத்து, உப்புநீர் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று நீ டிகிரி பார்க்கும் கண்ணாடிக் குழாயை விட்டுப் பார். குறித்து அனுப்பு. யாரையும் இறங்க விடாதே.

உன்,
சந்தனமேரி


மரக்காணம்,
22 ஜூன் 2025

டீச்சர் அவர்களுக்கு,

தெர்மாமீட்டர் கிடைத்தது. காலுறைக்குள் சுருட்டி அனுப்பியிருந்தீர்கள். உடையவில்லை. ஆனால் அதை நான் நம்பவில்லை. நீங்கள் அனுப்பியது, உங்கள் தம்பி விஷயம். புதுச்சேரிக்குப் போய் வேறொன்று வாங்கினேன். இரண்டையும் உலைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். ஐஸ் தண்ணீரிலும் விட்டேன். ஒன்று போலத்தான் காட்டுகிறது. அதனால் உங்களுடையதையே பயன்படுத்தினேன்.

நேற்று மத்தியானம் இரண்டு மணிக்குப் பார்த்தோம். சாட்சி ராஜாங்கம், பக்கத்து உப்பளத்துக்காரர் அப்பாவு. ராஜாங்கம், "என்னம்மா, தண்ணிக்கு ஜுரம் பாக்குறியா?" என்று கேலி செய்தார். அடியை எட்டியதும் கேலி நின்றுவிட்டது.

மேல் மட்டம் 32. ஓரடியில் 34. இரண்டடியில் 51. மூன்றடியில் 66. தரையில் 68. டிகிரிக் குழாயில் மேலே 4, ஓரடியில் 5, இரண்டடியில் 14, மூன்றடியிலும் தரையிலும் 25. பாட்டிலில் கல்லைக் கட்டி, கார்க்கைக் கயிற்றால் இழுத்து எடுத்தோம். தரைத் தண்ணீர் பாட்டிலை அப்பாவு கீழே போட்டுவிட்டார். அவ்வளவு சூடு. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

இப்போது நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வெயில் சுடவைத்தது. வெயிலை வாங்கியது கறுப்பு ஷீட். கறுப்பு ஷீட் விரித்தது மலர்கொடி. இறங்கச் சொன்னதும் மலர்கொடி. அருள்பிரகாசம் வீட்டுக்குப் போகலாம். இதற்குத்தானே அந்த ஹீலியம், வரப்பு, குந்தியிருக்கிற பொம்பளைங்கள் எல்லாம்? முதலில் படித்தபோது நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் தடவை படித்தபோது அப்படி இல்லை. பாடம் நடத்திக்கொண்டே என்னை வலையில் பிடிக்கிறீர்கள் என்று தோன்றியது.

ராத்திரி தூக்கமில்லை. அவளை நான்தான் இறக்கினேன். அது ஆசிட் என்றால் நான் ஏமாந்தவள். வெயில் என்றால் நான் யார்?

எண்களை எழுதிவிட்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். நீங்கள் என்ன எழுதினாலும் ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் அப்படியே படிப்பேன். நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

மலர்கொடி


பெங்களூரு,
25 ஜூன் 2025

மலர்,

நேற்று உன் கடிதம் வந்தது. எண்களைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம். மறைக்க மாட்டேன். நான் ஊகித்தபடியே இருந்தது. தம்பி தப்பித்தான் என்று எழுந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறைவரை போய் ஜெர்லினிடம் சொன்னேன். அவள் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள். "மழை எவ்வளவு பெய்ததாம்மா?"

உன் முதல் கடிதத்தை எடுத்தேன். பக்கெட்டில் மூன்று விரல். குட்டைக் கரை உயரம், வெளித் தண்ணீர் உள்ளே வராது. அப்படியானால் குட்டையின் மேலும் மூன்று விரல் தண்ணீர்தான் நிற்க வேண்டும். உன் கணக்கில் ஓரடிக்குக் கீழேவரை ஏறக்குறைய நல்ல தண்ணீர். ஒன்றரை அடியாவது இருக்கும். மூன்று விரல் போர்வையை ஒரு காற்று கலைத்துவிடும். ஒன்றரை அடி கலையாது. அதனால்தான் அடி அப்படிக் கொதித்தது. அந்த ஒன்றரை அடி மழையில் வரவில்லை. யாரோ கொண்டுவந்து சேர்த்தது.

மலர், கல்யாணத்திலிருந்து வந்து மட்டம் ஏறியிருந்ததைப் பார்த்தாலும் மழை என்றுதான் நினைத்திருப்பாய்; இது உனக்குத் தெரிந்திருக்காது. நான் எழுதாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. நேற்று சாயந்திரம் முழுக்க இதே யோசனைதான். வெயில், கறுப்பு ஷீட், மழை என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். ஒன்றும் பொய் இல்லை. அப்படி ஒரு கடிதம் எழுதவும் செய்தேன். ஒட்டுவதற்கு முன் தம்பியைக் கூப்பிட்டேன்.

"அருளு, மே எட்டாம் தேதி தண்ணி எறைக்கிற எஞ்சினை எங்க வச்சே?" என்றேன்.

"யாரு சொன்னது?" என்றான்.

"யாரும் சொல்லல. தண்ணி சொல்லுது."

"அவ வாய்க்காலை அடைச்சிட்டா. மழைத் தண்ணி பூரா என் பாத்தியில நிக்குது, உப்பு கரையுது. எங்க விடறது? அவ குட்டையிலேயே விட்டேன். அவ உப்புநீரும் கெடட்டும்னுதான் விட்டேன். கேன்ல டீசல்க்கா, எஞ்சினுக்கு. ஆசிட்லாம் எனக்கு எதுக்கு? நல்ல தண்ணிதானே. நல்ல தண்ணி யாரையாவது சுடுமா?"

"அப்ப ஏண்டா இத்தனை நாள் சொல்லல?"

"தண்ணி விட்டேன்னு சொன்னா, அதோட ஆசிட்டும் விட்டான்னுதானே சொல்வாங்க. அந்தப் பொம்பளை கால் வெந்தது எதனாலன்னு எனக்கே தெரியலக்கா."

அவன் கெடுதல் செய்ய நினைத்தான். ஆனால் அவன் நினைத்தது உன் உப்புநீருக்கு, பாஞ்சாலைக்கு இல்லை. அவன் நினைத்த கெடுதலும் நடக்கவில்லை. முக்கால்வாசி கலக்காமலே நின்றது. நினைக்காதது நடந்தது. அவன் தண்ணீர் விடாமலிருந்தால் உன் கறுப்பு ஷீட் மட்டும் இவ்வளவு செய்திருக்காது. ஷீட் இல்லாமலிருந்தால் அவன் தண்ணீர் மட்டும் இவ்வளவு செய்திருக்காது. உன் பங்கை நான் எழுதுவேன் என்று நீ சரியாகத்தான் சந்தேகப்பட்டாய். எழுதிவிட்டேன். தெரிந்து செய்ததற்கும் தெரியாமல் செய்ததற்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் இறக்குமுன் ஒரு கழியை விட்டாவது அடியைப் பார்க்கவில்லை என்பதை நீ யார்மேலும் போட முடியாது.

உன் புகாரில் என் தம்பியின் பெயரை அடிக்க வேண்டாம். ஆசிட் என்பதை மட்டும் அடித்துவிட்டு, எஞ்சின் வைத்து அனுமதியில்லாமல் தண்ணீர் விட்டான் என்று எழுது. ஞாயிற்றுக்கிழமை அவனே எழுந்து சொல்ல வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். சொல்லவில்லை என்றால் இந்தக் கடிதத்தைப் படி.

இன்று காலை மறுபடியும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அவனுக்கும் இப்போது என் போன் வேண்டாம்.

சந்தனமேரி


மரக்காணம்,
30 ஜூன் 2025

அக்காவுக்கு,

நேற்று கூட்டத்தில் உங்கள் தம்பி எழுந்து சொன்னார். முழுக்கச் சொல்லவில்லை. வாய்க்கால் கதையை நீட்டி, தண்ணீர் விட்டதை முழுங்கினார். நான் உங்கள் கடிதத்தை எடுத்ததும் மீதியைச் சொல்லிவிட்டார். பிறகு நானும் என்னுடையதைச் சொன்னேன். ஷீட், கழி விட்டுப் பார்க்காதது, எறங்குடி என்றது. சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை.

யாரும் நம்பவில்லை. "நல்ல தண்ணி சுட்டுச்சாம், கேட்டுக்கோங்க" என்று பின்னாலிருந்து ஒருத்தர் சொல்ல, சிரித்தார்கள். அப்பாவுதான் எழுந்தார். "பாட்டிலைப் புடிச்சவன் நானு. சிரிக்கிறவன் வந்து புடி" என்றார். கடைசியில் இந்த சீசன் முடியும்வரை உங்கள் தம்பி அளத்தில் எஞ்சின் வைக்கக்கூடாது, நான் வாய்க்காலைத் திறந்துவிட வேண்டும், குட்டையைச் சுற்றி வேலி போட வேண்டும் என்று முடிவாயிற்று. குத்தகையைத் தொடவில்லை. இன்று ஸ்டேஷனில் நீங்கள் சொன்னபடியே எழுதிக்கொடுத்தேன். என் பெயரையும் எழுதினேன். எழுத்தர் இரண்டு தடவை படித்துவிட்டு, "யார் மேலதாம்மா புகாரு?" என்று கேட்டார்.

இதையெல்லாம் விடுங்கள். பாஞ்சாலைதான் நம்பவில்லை.

ஸ்டேஷனிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். "ரெண்டு மொதலாளிங்களும் சேந்துக்கிட்டீங்க" என்றாள். "தண்ணி சுட்டுதுன்னு எம்புள்ளைங்ககிட்ட நானே சொல்லணுமா? மேல சில்லுனு இருந்த தண்ணி அடியில எப்படிம்மா வேகும்?" என்றாள். ஹீலியத்தையா சொல்வேன்?

அதைவிட மோசம், அவளுக்குப் பயம். ஊற்றின மருந்து காலில் ஊறி உடம்பெல்லாம் ஏறுகிறது என்று நினைக்கிறாள். டாக்டர், "வெந்த புண்ணுதாம்மா, ஆறிடும்" என்று சொன்னதையும் நம்பவில்லை. நான்தான் டாக்டரிடம் சொல்லி வைத்தேன் என்கிறாள். கால் கறுத்துவிடும், எடுத்துவிடுவார்கள், அதை மறைக்கிறீர்கள் என்கிறாள். ராத்திரியெல்லாம் முழித்துக்கொண்டு தொடையைத் தடவித் தடவிப் பார்க்கிறாளாம், எதுவரைக்கும் ஏறியிருக்கிறது என்று. சாப்பிடுவதும் குறைந்துவிட்டது.

ஆசிட் என்று அவள் தலையில் ஏற்றியது நான். நான் ஏற்றினதை என்னால் இறக்க முடியவில்லை. என்ன சொன்னால் நம்புவாள்?

மலர்


பெங்களூரு,
3 ஜூலை 2025

அன்புள்ள மலர்,

பாஞ்சாலை சந்தேகப்படுவது நியாயம். நீ என் தெர்மாமீட்டரைச் சந்தேகப்பட்டாய். நான் என் தம்பியைச் சந்தேகப்பட்டேன். கால் வெந்தவள் மட்டும் நாம் சொன்னதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டுமா? அவளிடம் இதுவரை எல்லோரும் சொல்லியே இருக்கிறோம். போலீஸ் உன் எண்களைப் பார்த்தது, சங்கம் உன் எண்களைப் பார்த்தது, அவள் எதையும் பார்க்கவில்லை.

தம்பி நேற்று போன் செய்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம், இப்போது போனால் மூன்று பேரும் சேர்ந்துவிட்டார்கள் என்பாள் என்றேன். பாஞ்சாலை கூப்பிட்டால் போகட்டும்.

இனி அவளிடம் ஒன்றும் விளக்காதே. ஹீலியமும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். அடுத்த தடவை போகும்போது ஒரு கண்ணாடி டம்ளர், ஒரு கரண்டி, சிட்டிகை கேசரிப் பவுடர், பிளாஸ்கில் கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர், ஒரு காலி பாட்டில் எடுத்துப் போ. கைப்பிடி உப்பும் வேண்டும், அது உன் அளத்து உப்பாக வேண்டாம். அவள் பக்கத்துக் கட்டிலில் யாரிடமாவது வாங்கிக்கொள்ளட்டும், பச்சைத் தண்ணீரையும் அவள் நம்புகிற யாராவது அங்கேயே பிடித்துத் தரட்டும். நீ தள்ளி உட்கார். கை அவள் கையாக இருக்கட்டும். இனி வருவதை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டு.

டம்ளரில் பாதிக்கு வெந்நீர் ஊற்றி, கரைகிற அளவு உப்பைக் கரைத்து, நிறத்தைப் போட்டுக் கலக்கு. கரண்டியைக் கவிழ்த்து அந்தத் தண்ணீரின் மேல் மட்டத்தில் தொடுகிற மாதிரி பிடி. கரண்டியின் முதுகில் பச்சைத் தண்ணீரை நூல் மாதிரி மெதுவாக விட்டு டம்ளரை நிரப்பு. பத்து நிமிஷம் ஆடாமல் வை. பிறகு ஒரு விரலை மேல் தண்ணீரில் வை, இன்னொரு கையால் டம்ளரின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்.